ஒரு விரற்கடை

லியெபாயாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
கடைசி டிராமைப் பணிமனையில் விட்டுவிட்டு
உப்புக் கரித்த உதடுகளோடு
நான் கதவைத் திறக்கும்போது
மூன்று வால்கள் நிமிர்ந்து நிற்கும்.
நான்காவது வராது.
அலமாரி உச்சியிலிருந்து
இரண்டு பச்சைப் பொட்டுகள் மட்டும்
என் பையை எடைபோடும்.

அவள் உபே.
ஆறு என்று பொருள். யாரிடமும் தேங்கமாட்டாள்.

போன இலையுதிர்காலத்தில்
என் தம்பி அங்கார்ஸ்
துறைமுகத்திலிருந்து ஒரு மீன்பெட்டியில்
டார்வாவைக் கொண்டுவந்தான்.
தார் நிறம், அதனால் அந்தப் பெயர்.
வந்த வாரமே
ருட்சிஸின் காதுகளைக் கழுவிவிட்டாள்,
மிக்லாவின் நெற்றியை, கண்ணோரத்தை,
சோபாவில் தூங்கிய என் புருவத்தையும்.
மூன்றும் ஒரே கிண்ணத்தில் தலை கவிழ்ந்து
பால் குடிக்கும் படங்கள்
என் போனில் நாற்பது இருந்தன.
ஓட்டுநர் அறையில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறேன்.

தை மாதக் குளிரில்
டார்வாவின் ஈறு வெளுத்தது.

மருத்துவர் ஸ்காயித்ரீதே
ஒரு சொட்டு ரத்தத்தைச் சில்லில் விட்டார்.
பத்து நிமிடம்.
ஜன்னலுக்கு வெளியே என் வண்டியை
வேறு யாரோ ஓட்டிப்போனார்கள்.
இரண்டாவது கோடு
வெட்கப்படுவதுபோல் மெல்ல மேலே வந்தது.

"காற்றில் வராது" என்றார்.
"உங்கள் செருப்பில் வராது.
அப்படி வருவது வேறொன்று, அது வருடக்கணக்கில் தரையில் காத்திருக்கும்.
இது கோழை.
உலர்ந்தால் சாகும், சாதாரண சோப்புக்குச் சாகும்.
உடம்பிலிருந்து உடம்புக்கு ஈரத்தோடு போனால்தான் உயிர்."

பிறகு எப்படி?

"எச்சில்."

ஒரே சொல். கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
"சண்டைக்காரப் பூனைகளுக்கென்று ஒரு கிருமி உண்டு,
ஆழக் கடித்தால் தொற்றும்.
இது அதிகமும் நட்பாக இருப்பவர்களுக்கு வருவது."

ருட்சிஸுக்கு இரண்டு கோடு.
மிக்லாவுக்கு ஒன்றரை என்று சொல்லலாம்,
இருக்கிறதா இல்லையா என்று
வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம்.
எட்டு வாரம் கழித்து மறுபடி.

உபேவுக்கு ஒன்றுதான்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.
நான்கு மாதமாக
அவளுடைய கிண்ணத்தை
தினம் ஒரு விரற்கடை
அவர்கள் பக்கம் நகர்த்திவந்திருக்கிறேன்.
பழகட்டும் என்று.
சீறினால் அதட்டினேன்.
திமிர் பிடித்தவள் என்று
அங்கார்ஸிடம் போனில் குறை சொன்னேன்.
பன்னிரண்டு அடி
சமையலறை ஓரமாக இழுத்துக்கொண்டுவந்து
கடைசியில் நான்கு விரல் மிச்சமிருந்தது.

மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை.
சில்லுகளைக் குப்பையில் போட்டார்.

வீடு இப்போது மூன்று நாடு.
படுக்கையறையில் டார்வாவும் ருட்சிஸும்
ஒருவரை ஒருவர் நக்கிக்கொள்ளத் தடையில்லை,
இனி இழக்க அவர்களுக்குள் ஒன்றுமில்லை.
மிக்லா குளியலறையில், யாருடைய பக்கமும் அல்லாமல்,
துண்டை நக்குகிறாள்.
தடுப்பூசி போட்ட உபேவுக்குக் கூடம் முழுவதும்.
நான் ஒவ்வொரு எல்லையிலும் கை கழுவுகிறேன்.
விரல்முட்டுகள் வெடித்துவிட்டன,
ஸ்டியரிங் இல்லாத வண்டியானாலும்
பிடியை இறுக்கினால் எரிகிறது.
கிண்ணங்கள் நான்கு நிறத்தில்.
படுக்கையறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கினேன்,
முப்பது வருடமாக இல்லாதது.

நாற்பத்தோராம் இரவு
நான் வந்தபோது அலமாரி உச்சி காலி.
பச்சைப் பொட்டுகளைத் தேடிப் போனேன்.
தாழிட்ட கதவின் முன்னால்
உபே பக்கவாட்டில் படுத்து
அடியிடுக்கில் மூக்கை வைத்திருந்தாள்.
உள்ளிருந்து ஒரு கறுப்புப் பாதம்
வந்தது, போனது, மறுபடி வந்தது.
சீறல் இல்லை.
யாரும் கற்றுக்கொடுக்காத நேரத்தில்
பழகிக்கொண்டிருந்தார்கள்.

பாதம் பரவாயில்லை.
பாதத்துக்குப் பின்னால் நாக்கு வரும்.

ஈரக் கையோடு குனிந்து
இடுக்கில் விரலை வைத்துப் பார்த்தேன்.
சரியாக ஒரு விரற்கடை.

ஒரு பலகைத் துண்டு போதும்.
நாளைப் பணிமனையில் கேட்கவேண்டும்.